இரண்டரை நூல்

செங்கலடிச் சந்தியில் பின்னேரம் ஐந்தரை.
பதுளை வீதிப் பஸ் தூசியை இறக்கிவிட்டுப் போகிறது.
அரைக் கிலோ கொங்கிறீற் ஆணி நிறுத்துக்கொண்டிருக்கையில்
போன் அடித்தது. தராசு ஆட ஆட எடுத்தேன்.
திரை முழுக்க வெள்ளை.
வெள்ளைக்கு நடுவில் தம்பியின் மூக்கு, சிவப்பாய்.

"அக்கோய், உனக்குத்தானே இதெல்லாம் தெரியும்."

கியூபெக்கில் ஏதோ ஒரு காடு அது.
முதலாளி லுசியான் ஒரு தகரப் பெட்டியைத் தந்து
நல்லதாய் ஒன்றை எடு என்று
பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.
மேப்பிள் மரத்தில் துளை போடவேண்டும்.
துளையால் தண்ணீர் வரும். தண்ணீரைக் காய்ச்சினால் பாணி.
நாற்பது வாளிக்கு ஒரு வாளி என்றான்.
நான் நம்பவில்லை. வாதாடவுமில்லை.

"ஒவ்வொண்டாக் காட்டு மனே."

முதலாவது, நுனியில் தகடு ஒட்டியது.
அது சுவருக்கு. மரத்தை வெட்டாது, அரைக்கும்.
வை அங்கால.
அடுத்தது சட்டுவம் மாதிரி அகலம்,
கதவுப் பூட்டுக்கு நல்லது,
உயிரோடிருக்கிற மரத்துக்கு வேண்டாம்.
மூன்றாவதின் திருகில் நீலம் பாய்ந்திருந்தது.
யாரோ சூட்டில் எரித்த பிட். இனிச் சீவாது,
நார் நாராய்க் கிழிக்கும்.
கிழிந்த துளை சீக்கிரம் காய்ந்துபோகும் என்று
லுசியானும் சொன்னாராம்.
முகம் தெரியாத மனிதர் ஒருவர்
என் பேச்சை ஒத்துக்கொண்டதில் எனக்குச் சந்தோசம்.

ஆறாவதோ ஏழாவதோ,
நடுவில் முள்ளும் இருபக்கம் கத்தியுமாய் ஒன்று.
"நகத்தில மெல்ல இழு."
இழுத்தான். நகத்தில் வெள்ளைச் சுருள் எழுந்தது.
"எத்தினை?"
"அஞ்சின் கீழ் பதினாறு எண்டு போட்டிரிக்கு."
இரண்டரை நூல்.
என் லாச்சியிலும் கிடக்கிறது, நானூற்றைம்பது ரூபாய்.
யாரும் கேட்பதில்லை.
எல்லோருக்கும் இரண்டு, இல்லாவிட்டால் மூன்று.

ஆணிக்காரர் போனுக்குள் எட்டிப் பார்த்து
"அது பனியோ, உப்போ?" என்கிறார்.

அப்போதுதான் அது என் வாயிலிருந்து வந்தது:
"மரத்துக்குள்ள இரும்பு இரிக்கா எண்டு பாத்தியா?"

அவன் பேசவில்லை.

லாச்சியின் அடியில், விற்காத சாமான்களோடு
முறிந்த நான்கு நூல் பிட் ஒன்று இருக்கிறது.
எங்கள் வளவு வேம்பில் ஊஞ்சல் கொக்கி போட
அவன் துளைத்தபோது முறிந்தது.
இரண்டு அங்குலம் போனதும் சத்தம் மாறியது.
சிவந்த தூளுக்குப் பின்னால் சாம்பல் தூள்,
பிறகு ஒரு மினுக்கம்.
மிசினை நிலத்தில் வைத்துவிட்டு
துளையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றான்.
வந்தாறுமூலை மில்லில் அருமைத்துரை அண்ணர் இன்றும்
முதிர்ந்த மரம் வந்தால்
காந்தம் பிடித்துப் பார்த்துத்தான் வாளில் ஏற்றுவார்.
வாளின் விலை அவருக்குத் தெரியும்.

"இஞ்ச அப்பிடி இல்லக்கா" என்றான் பிறகு.
"பழைய துளைதான். வருசத்துக்கு ஒண்டு, மூடிப்போய்க் கிடக்கு.
அதுக்குக் கிட்டப் போடக்கூடாதாம்."

"அப்ப தள்ளிப் போடு.
வாயைக் கொஞ்சம் தாழ்த்தி, நுனி மேல பாக்க."
மழைத்தண்ணீர் உள்ளே வராமல்
சுவரில் குழாய்க்குத் துளைப்பதும் அப்படித்தான்.

போனை எதிலோ சாய்த்துவைத்தான்.
சந்தி இரைச்சலுக்குள் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன்.
சத்தம் மாறவில்லை.
ஒன்றரை அங்குலமும் மாறவில்லை.
தேங்காய்ப்பூ நிறத்தில் சீவல் வந்தது,
கடைசிவரை அதே நிறம்.
பிட்டை இழுத்தான்.
துளையின் கீழுதட்டில் ஒரு சொட்டு
விழுவதா என்று யோசித்துக்கொண்டு நின்றது.

"நக்கிப் பார்."

"தண்ணிதான்... கொஞ்சம் இளநி மாதிரி.
நல்ல இளநி இல்ல."

ஆணிக்காரர் சிரித்தார்.
தராசு எப்போதோ நின்றுவிட்டிருந்தது.
நாலு ஆணி கூட.
எடுக்கவில்லை, சுற்றிக் கொடுத்தேன்.